சுழியோடிக்கு ஒரு மலிவான மணிக்கூடு

நசீர் கேட்டதால் எழுதுகிறேன். புதிதாகச் சுழியோடி வேலைக்குச் சேர்ந்த நீங்கள் ஆளுக்கொரு மணிக்கூட்டின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, இது நல்லதா அது நல்லதா என்று அவரை நச்சரிக்கிறீர்களாம். அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க பேசினா நாலு சொல்லுல முடிச்சிருவீங்க. எழுதினா எட்டாவது வரும். எழுதித் தாங்க."

ஹந்தானையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் பவளப்பாறை பார்க்க முங்குகிறவர்கள் இல்லை. நமக்கு வேலை மகாவலியிலும் நீர்த்தேக்கத்திலும். விழுந்த பம்ப், கவிழ்ந்த படகு, அடைத்துக்கொண்ட கம்பி வலை. சில நாட்களில் ஆள். மழைக்குப் பிறகு தண்ணீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் இருக்கும். கொஞ்சம் கீழே போனால் தார் நிறம். அங்கே அழகான மணிக்கூடும் அசிங்கமான மணிக்கூடும் ஒன்றுதான். இரண்டும் தெரியாது. முகமூடிக் கண்ணாடியில் ஒட்ட வைத்து, டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் முள் தெரியும். ஆகவே முள் தடிப்பாக இருக்க வேண்டும். இருட்டில் மினுங்க வேண்டும். முகத்துக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் வைத்து, தேதி, கிழமை, பிறை எல்லாம் காட்டுகிற சாமான் வேண்டாம். தண்ணீருக்கு அடியில் கிழமை தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

வார் ரப்பர் அல்லது நைலோன். தோல் வார் ஊறி நாறும். நைலோன் வார், அதை மணிக்கூட்டோடு பிடிக்கிற இரண்டு ஊசிக்கும் அடியால் ஓடுகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு ஊசி போனாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

முகத்தில் இருநூறு மீற்றர் என்று எழுதியிருக்கும். கண்டி பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் விற்கிறதிலும் எழுதியிருக்கும். எழுதுவதற்குக் காசு போகாது. எழுத்தை நம்பாமல் இப்படிச் செய்யுங்கள். ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றி, அதன் மேல் மணிக்கூட்டை முகம் மேலே தெரிய வையுங்கள். கண்ணாடி சூடானதும் பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு அதில் விட்டு, துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் ஈரம் ஏற்கனவே உள்ளே போயிருக்கிறது. அதைக் கல்யாண வீட்டுக்குக் கட்டிப் போகலாம். படியாவிட்டால் வேலைக்கு ஆகும். டீயைக் குடித்துவிடலாம்.

இப்போது எல்லோர் கையிலும் ஆழமும் நேரமும் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் இருக்கிறதே, மணிக்கூடு எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். கம்ப்யூட்டருக்கு பெட்டரி இருக்கிறது. பெட்டரிக்கு ஒருநாள் முடிவு இருக்கிறது. அது நீங்கள் கீழே இருக்கிற நாளாகவும் இருக்கலாம். என் காலத்தில் எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தண்ணீர் பட்டுப் பழுதாகிவிடும் என்று முதலாளி அதை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

மணிக்கூடு எதற்கு என்பதற்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். எங்களோடு வேலை செய்தவர். பெயர் வேண்டாம். திகனப் பக்கம் ஆழத்தில் வேலை முடித்து, நல்ல சுகமாகத்தான் மேலே வந்தார். அன்று மாலையே நுவரெலியாவில் மாமியார் வீட்டுக்கு பஸ் ஏறினார். வேண்டாம், மலை ஏறாதீங்க, உடம்புக்குள் போன காற்று இறங்க நேரம் வேண்டும் என்று சொன்னோம். மாமியார் கோழி அடித்திருக்கிறார் என்றார். பஸ் வளைந்து வளைந்து ஏற ஏற முழங்கை, தோள், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டாக வலி பிடித்திருக்கிறது. கோழியைத் தொடக்கூட முடியவில்லை. மாமியார் தைலம் தேய்த்தார். பிறகு ஆஸ்பத்திரி. ஆள் தேறிவிட்டார். தைலத்தால்தான் தேறினேன் என்று இன்றைக்கும் சொல்கிறார். நீங்கள் மேலே வந்தாலும் மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வளவுதான் பாடம்.

இனி வளையம். மணிக்கூட்டின் முகத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதில் ஒரு புள்ளி இருக்கும். இறங்கும்போது அந்தப் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைப்போம். பிறகு முள் புள்ளியைத் தாண்டி எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தால், கீழே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியும். கணக்குப் போட வேண்டாம். கீழே கணக்கு வராது.

இந்த வளையத்தைப் பற்றித்தான் எழுதச் சொல்லி நசீர் கேட்டார். அவருக்குக் காரணம் இருக்கிறது.

நசீர் திகனக்காரர். இப்போது உங்களுக்கு மேலே நிற்கிறார். அன்றைக்கு எனக்கு ஜோடியாக இறங்குவார். அவருக்குக் கல்யாணம் ஆனது கட்டுகஸ்தோட்டையில். மாமனார் ஹாஜியார். பாலத்துக்குக் கிட்டே மணிக்கூட்டுக் கடை வைத்திருந்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மணிக்கூடு கட்டுவது வழக்கம். ஹாஜியார் கடையிலேயே ஆகத் திறமானதை எடுத்துக் கட்டினார். உருக்கு. தங்க நிறம். கனம். கையைத் தூக்கினால் தோள் தெரிந்துகொள்ளும். வளையம் இல்லை.

மாமனார் கட்டினதைக் கழற்ற நசீருக்கு மனம் வரவில்லை. தண்ணீருக்கும் அதைத்தான் கட்டினார். நான் கட்டியது பஸ் நிலையத்தில் வாங்கிய கறுப்பு ப்ளாஸ்டிக். வளையம் உண்டு.

நசீரோடு இறங்குவது நான். அவருடைய மணிக்கூடு எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் அவரோடு கடைக்குப் போனபோது டீ வந்தது. நசீரின் மணிக்கூட்டைக் கழற்றி வாங்கி, டீக் கோப்பை மேல் வைத்தேன். ஹாஜியார் பார்த்துவிட்டார்.

"என்ட கட சாமானுக்கு டீ ஊத்துறீங்களா தம்பி?"

"ஊத்தல ஹாஜியார். மேல வச்சேன்."

"எதுக்கு?"

"தண்ணி போகுமான்னு பாக்க."

"போனா கடய மூடிட்டு நான் ஊட்டுக்குப் போறேன்."

ஆவி படியவில்லை. நல்ல மணிக்கூடுதான். சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"நீங்க கட்டிக்கிறது என்னது?"

"வாட்ச்."

"புள்ளைங்க வெளயாடுற சாமான் மாதிரி ஈக்குது."

"ஆமா, மலிவுதான்."

நசீர் சிரித்தார். ஹாஜியாரும் சிரித்தார். எனக்கு ஒன்றும் இல்லை. டீ நன்றாக இருந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் திகனப் பக்கத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. நீர்த்தேக்கத்தில் காலையில் வலை எடுக்கப் போன ஒரு வாலிபப் பிள்ளையின் படகு கவிழ்ந்திருக்கிறது. படகு கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது பகல் திரும்பிவிட்டது. கரையில் ஊரே நின்றது. ஹாஜியாரும் நின்றார். அந்தக் குடும்பம் அவருக்குத் தூரத்துச் சொந்தம்.

பிள்ளையின் வாப்பா என்னிடம் வந்தார். மெலிந்த ஆள். மிளகுத் தோட்டம் செய்கிறவர். அழவில்லை. என்னை மகன் என்றுதான் கூப்பிட்டார்.

"மகன், குழி வெட்டியாச்சி. மஃரிபுக்கு முந்தி எடுத்துத் தந்தீங்கன்டா இன்டக்கே அடக்கிரலாம். வேற ஒன்டும் கேக்கல்ல."

மஃரிப் என்பது பொழுது சாய்ந்ததும் தொழுகிற தொழுகை. இறந்தவரைக் காக்க வைக்கக்கூடாது என்பது அவர்களுடைய முறை. எனக்கும் தெரியும்.

"பாக்குறோம்" என்றேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கக்கூடாது. நீங்களும் கொடுக்காதீர்கள்.

ஆழமான இடம். அடியில் பழைய மரங்கள் அப்படியே நிற்கின்றன. ஆழத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று ஒரு அட்டவணை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். அது கடலுக்குப் போட்டது. மலையில் காற்று லேசு. அதே ஆழத்தில் இங்கே குறைவான நேரம்தான் இருக்க வேண்டும். கூடினால் வலி மட்டுமில்லை, ஆள் முடங்கலாம், போயும்விடலாம். அதற்கு வைத்தியம் செய்கிற காற்றழுத்த அறை கண்டியில் இல்லை. கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் குறைத்துப் பேசிக்கொண்டோம். இருபது நிமிடம். முடிந்ததும் மேலே. அன்றைக்கு ஆளுக்கு ஒரு காற்றுச் சிலிண்டர்தான். இறங்குவது ஒரு தடவை.

நான் வளையத்தைத் திருப்பினேன். என் மணிக்கூட்டில் ஊர் நேரம் சரியாக இருக்காது, முள் நின்ற இடத்தை நான் மனதில் வைப்பதும் இல்லை, வளையத்தைத்தான் நம்புவேன். நசீர் தன் மணிக்கூட்டு நேரத்தை எனக்கும் காட்டி, மனதில் வைத்துக்கொண்டார். இறங்கினோம்.

கீழே கண்ணுக்கு வேலை இல்லை. விரலுக்குத்தான். இருவருக்கும் நடுவே ஒரு சின்னக் கயிறு. மரம் மரமாகத் தடவிக்கொண்டு போனோம். ஒரு இடத்தில் என் கை இரண்டு கிளைக்கு நடுவே மாட்டியது. இழுத்து எடுத்தேன். இன்னும் கொஞ்சம் போனோம்.

நசீர் கயிற்றை மூன்று தடவை இழுத்தார். ஏதோ கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். கிட்டே போனேன். என் கையைப் பிடித்து ஒரு பக்கம் நீட்டினார். எனக்கு எட்டவில்லை. நடுவில் தடித்த கிளை. சுற்றிப் போக வேண்டும். சுற்றிப் போக நேரம் வேண்டும். மணிக்கூட்டை முகமூடியில் வைத்துப் பார்த்தேன்.

இருபது நிமிடம் முடிந்திருந்தது.

அதை நசீரின் முகமூடியில் வைத்தேன். அவர் உடனே தன் மணிக்கூட்டை என் முகமூடியில் வைத்தார். அதன்படி பாதிதான் ஆகியிருந்தது.

கீழே பேச முடியாது. மேலே இருக்கிறவரிடம் கேட்கவும் முடியாது. இரண்டு மணிக்கூடு, இரண்டு நேரம். அவருடையது திறமான மணிக்கூடு. நானே சோதித்தது. என்னுடையது மலிவு. கரையில் வாப்பா நிற்கிறார். கைக்கு எட்டுகிற தூரத்தில் பிள்ளை இருக்கலாம். எல்லாமே 'இரு' என்றுதான் சொன்னது.

நான் யோசித்தது இவ்வளவுதான். அவருடையது சரியாக இருந்து நாங்கள் மேலே போனால், போவது பத்து நிமிடம். என்னுடையது சரியாக இருந்து நாங்கள் இங்கே இருந்தால், போவது நாங்கள்.

கையோடு கொண்டுபோன நீளக் கயிற்றின் நுனியை அந்தக் கிளையில் கட்டினேன். நசீரின் உள்ளங்கையில் பெருவிரலை மேல்நோக்கி வைத்து அழுத்தினேன். மேலே போவோம் என்று அர்த்தம். கையை உதறினார். மறுபடி அழுத்தினேன். மறுபடி உதறினார். மூன்றாம் தடவை கையைத் தேடவில்லை. அவருடைய தோள் பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தேன். உடம்புக்குள் போன காற்று இறங்க, நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றோம். அங்கேயும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மேலே வந்தபோது வெயில் மலையில் சாய்ந்திருந்தது. கயிற்றின் மற்ற நுனியில் மிதவை கட்டிவிட்டுக் கரைக்கு வந்தோம். ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னம் நேரம் ஈந்திச்சே. ஏன் வந்தீங்க?"

கரையில் நின்ற மற்றவர்களுடைய மணிக்கூடுகளும் அதைத்தான் காட்டின. நசீருடையது சரி. என்னுடையது பிழை. பார்த்தேன். கிளையில் மாட்டியபோது வளையம் திரும்பியிருக்கிறது. புள்ளி பின்னால் போய், கூடுதல் நேரம் ஆனதாகக் காட்டியிருக்கிறது.

"வளையம் திரும்பிட்டு" என்றேன்.

"நான் அன்டக்கே சொன்ன" என்றார் ஹாஜியார். பக்கத்தில் நின்றவர்களிடமும் சொன்னார். "வெளயாட்டுச் சாமான். என்ட மணிக்கூடு சரியாக் காட்டீக்கிது. நம்பல்ல."

நசீர் முகமூடியைக் கழற்றி மண்ணில் போட்டார்.

"சட்ட அண்ணே. பொத்தான் கையில பட்டிச்சி."

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்ல. ஈந்திச்சி. இன்னம் ரெண்டு நிமிஷம் தந்திருந்தா எடுத்திருப்பேன்."

எடுத்திருப்பார்தான்.

வாப்பா வந்தார். கூட்டம் வழி விட்டது.

"கண்டீங்களா மகன்?"

"தொட்ட மாதிரி இருக்கு. அந்த இடத்துல கயிறு கட்டியிருக்கோம். காலையில எடுத்துத் தாரோம்."

"இப்ப ஏலாதா?"

"ஏலாது."

"ஏன்?"

சிலிண்டர், மலைக்காற்று, அட்டவணை எல்லாம் சொல்லலாம். அந்த நேரத்தில் அவருக்கு அது தேவையில்லை. நசீரைக் காட்டினேன்.

"இன்னைக்கே இன்னொரு தடவ எறங்கினா இவர் மேல வருவார்னு என்னால சொல்ல ஏலாது. எனக்கு இவரும் வேணும்."

அவர் நசீரைப் பார்த்தார். அதுவரை அவர் எங்கள் முகங்களைப் பார்த்திருக்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்குப் புள்ளைங்க ஈக்கா?"

ஹாஜியார்தான் சொன்னார்.

"இனித்தான். மகள் மாசமா ஈக்கிறா."

சொன்னவர் அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது. அதன் பிறகு மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"அப்ப காலையில வாங்க" என்றார் வாப்பா. பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "மழ வரும் போலீக்கிது. குழிக்கு மேல பலக போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

காலையில் புது சிலிண்டரோடு போனோம். வளையத்தைத் திருப்பி, அது அசையாமல் இருக்க அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். நீங்களும் ஒட்டலாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே இறங்கினோம். நசீர் சொன்னது சரி. அந்தப் பிள்ளை கிளைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். சட்டை மாட்டியிருந்தது. அதை நசீர் கழற்றினார். நான் தாங்கினேன். அதிக நேரம் ஆகவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். நாங்கள் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வாப்பா ஆள் அனுப்பினார். போனோம். எங்களுக்குச் சோறு எடுத்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் சமைத்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். சாப்பிட்டோம்.

நசீர் அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாள், என்னோடு பேசவில்லை. வேலைக்கு வந்தார். நம் வேலையில் பேச்சு அதிகம் தேவைப்படாது. கைச் சைகை போதும்.

அன்றைக்கு நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்பீர்கள். முன்பு வந்தவர்களும் கேட்டார்கள். மணிக்கூடு பிழை. முடிவு பிழை இல்லை. கீழே நின்ற எனக்கு எந்த மணிக்கூடு பிழை என்று தெரியாது. தெரியாத நேரத்தில், நேரம் முடிந்தது என்று சொல்கிற மணிக்கூட்டை நம்ப வேண்டும். இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்கிறது எப்போதும் இனிப்பாக இருக்கும். அந்த வாப்பா ஒரு இரவு கூடக் காத்திருந்தார். அதற்கு நான்தான் காரணம். அதே இடத்தில் இன்னொரு தடவை நின்றாலும் மேலேதான் வருவேன்.

இன்னொன்று. அந்தப் ப்ளாஸ்டிக் மணிக்கூட்டில் வளையம் ஒரு பக்கம்தான் திரும்பும். இடப் பக்கம். எங்கே இடித்தாலும் நேரம் கூடுதலாகப் போனதாகத்தான் காட்டும். குறைத்துக் காட்டவே முடியாது. அது பழுது இல்லை. அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் திரும்புகிற வளையமும் கடையில் இருக்கிறது. அது மற்றப் பக்கம் திரும்பினால், இருபது நிமிடம் முடிந்த பிறகும் பத்துதான் ஆனது என்று சொல்லும். நீங்களும் சந்தோஷமாகக் கீழே இருப்பீர்கள்.

பிறகு ஒருநாள் ஹாஜியார் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸால் இறங்கிப் போனேன். உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். கண்ணாடி மேசை மேல் வளையம் வைத்த மணிக்கூடுகள் வரிசையாகக் கிடந்தன. அதற்கு முன்னால் அந்தக் கடையில் நான் அப்படி ஒன்றையும் கண்டதில்லை.

"கொழும்புல ஈந்து எடுப்பிச்ச" என்றார். "நசீருக்குத்தான். நீங்க பாத்துத் தாங்க."

"எல்லாம் நல்ல சாமான்தானே ஹாஜியார்."

"நேரம் சரியாக் காட்டும். அது எனக்குத் தெரியும்." ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினார். குரலைக் குறைத்தார். கடையில் வேறு ஆள் இருந்தார்கள். "இதுல எது பிழையாக் காட்டினா அவன சுருக்கா மேல அனுப்பும்?"

ஒவ்வொன்றாக எடுத்து வளையத்தை வலப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். திரும்பியதை எல்லாம் ஒதுக்கினேன். திரும்பாததில் முள் தடித்தது ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தேன்.

"அசிங்கமா ஈக்கே" என்றார்.

"ஆமா."

அதைப் பெட்டியில் வைத்தார். பிறகு வெளியே எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைக்குப் போனால் நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.